சும்மா சுற்றும் சக்கரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். அப்பச்சி (அப்பா) காலத்தில் தொடங்கியது. பெரிய ஆலை இல்லை. நெல் அவிக்க ஒரு உமி பாய்லர், 40 குதிரைத்திறன் மின் இணைப்பு, பின்னால் ஒரு களம், அவ்வளவுதான். உங்கள் அறிவியல் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். பாதி புரியும், மீதியை மகளிடம் கேட்டுக்கொள்வேன்.

போன மாதம் ஒருவர் ஆலைக்கு வந்தார். எரிபொருளே இல்லாமல் ஓடும் ஜெனரேட்டர் இருக்கிறது என்று ஒரு கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். ஒரு குதிரைத்திறன் மோட்டார். அது பெல்ட் போட்டு ஒரு கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் ஒரு ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. நல்ல வேகம் பிடித்ததும் மோட்டாரின் ஒயரைச் சுவர்ப் பிளக்கிலிருந்து பிடுங்கி அந்த ஆல்டர்னேட்டரிலேயே மாட்டினார். சக்கரம் நிற்கவில்லை. வரிசையாக மாட்டியிருந்த பல்புகளும் எரிந்தன. ஐந்து நிமிடம் பார்த்திருப்போம், டீ சாப்பிடலாம் வாங்க என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். 10 கிலோவாட் கிடைக்கும் என்கிறார். விலை நாலரை லட்சம், முன்பணம் ஒரு லட்சம்.

மகள் கோவையில் பொறியியல் படிக்கிறாள். "அப்பச்சி, அது ஃபிராடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சரி, சோலாராவது போடலாமா என்றால், "அணுக்களைச் சேர்த்துக் கரண்ட் எடுக்கும் ஃபியூஷன் பத்து வருஷத்தில் வந்துவிடும், கரண்ட் சும்மா கிடைக்கும், இப்போது ஏன் பணத்தை முடக்குகிறீர்கள்" என்கிறாள். சக்கரத்துக்குள் நிறைய சக்தி இருக்கிறது என்று அந்த ஆள் சொல்வதில் உண்மையே இல்லையா? நான் எதை நம்பிப் பணம் போடுவது?

இன்னொரு சின்ன சந்தேகம். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி சாமி அறையை ஒட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. கோடையில் அடிக்கடி தண்ணீர் குறைகிறது. எங்கும் கசிவு இல்லை. தண்ணீர் எங்கே போகிறது?

அன்புடன்,
ந. சொ.,
புதுவயல்

*

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சக்கரத்துக்குள் சக்தி இருக்கிறதா என்றால், இருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் பார்த்த சக்கரம் 200 கிலோ எடை, இரண்டரை அடிக்குச் சற்று மேல் விட்டம், நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அதற்குள் இருப்பது கிட்டத்தட்ட 2 லட்சம் ஜூல். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் மின்வாரியம் நமக்கு விற்கும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். சக்கரத்தில் இருப்பது ஒரு யூனிட்டில் பதினெட்டில் ஒரு பங்கு. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் நாற்பத்தைந்து பைசா சரக்கு. அவர் சொல்லும் 10 கிலோவாட்டை உண்மையிலேயே அதிலிருந்து இழுத்தால் இருபது விநாடியில் சக்கரம் நின்றுவிடும். அந்த நாற்பத்தைந்து பைசாவும் சுவர்ப் பிளக்கிலிருந்து மோட்டார் வழியாக உள்ளே போனதுதான்.

அப்படியானால் ஐந்து நிமிடம் எப்படி ஓடியது? பல்புகள் எல்.இ.டி.யாக இருந்திருக்கும். ஒரு பல்பு 9 வாட், பத்து மாட்டினாலும் 90 வாட்தான். பெல்ட் உரசல், பேரிங், காற்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் சக்கரத்தில் சேர்ந்திருப்பது சில நிமிடம் தாங்கும். எல்.இ.டி.யில் இன்னொரு வசதியும் உண்டு. மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்பாக இருந்திருந்தால் மங்குவது உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்கும். டீக்கு அழைத்துப்போன நேரம் தற்செயலானது இல்லை என்று நினைக்கிறேன். சில கொட்டகைகளில் இதுகூடக் கிடையாது, மேடைக்கு அடியில் ஒரு பேட்டரியோ ஒயரோ இருக்கும், வேலை இன்னும் சுலபம்.

மீட்டரைக் காட்டியும் ஏமாற்றுவார்கள். கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி, "பாருங்கள் 40 ஆம்பியர், 230 வோல்ட்டால் பெருக்குங்கள்" என்பார்கள். சுமை இல்லாமல் வெறுமனே சுற்றும் மோட்டாரை மாட்டினால் ஆம்பியர் நிறையக் காட்டும், வாட் கொஞ்சம்தான் இருக்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் நிஜ வேலைக்குப் போகும் பங்கு) இறங்கினால் அபராதம் என்று, அதைச் சரிசெய்யும் கெபாசிட்டர் பேங்க் மாட்டி வைத்திருக்கும் ஆலைக்காரர் நீங்கள்.

அந்த ஆள் மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். ஒரு டிரம்மில் 100 லிட்டர் தண்ணீர், 10 கிலோவாட்டை இழுக்கும் அளவுக்கு இம்மெர்ஷன் ஹீட்டர்கள், ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவையும் உங்கள் களத்தின் நடுவில், சுவரோ ஒயரோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். இயந்திரத்தை அங்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுபோக 5.8 யூனிட் வேண்டும். 10 கிலோவாட் நிஜமாக வந்தால் முப்பத்தைந்து நிமிட வேலை. சக்கரத்தில் இருக்கும் சரக்கு மட்டும் என்றால் தண்ணீர் அரை டிகிரிகூட ஏறாது. ஆம்பியரில் விளையாடலாம், தண்ணீரின் சூட்டில் விளையாட முடியாது. டீ வேண்டுமானால் களத்துக்கே வரவழைத்துவிடுங்கள்.

இந்தச் சோதனை என் யோசனை இல்லை. மான்செஸ்டர் பக்கத்தில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் 1840களில் செய்ததுதான். எடைக்கற்களைக் கீழே இறங்கவிட்டு, அந்த இறக்கத்தால் ஒரு பாத்திரத்துக்குள் துடுப்புகளைச் சுழல வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஏறியது ஒரு டிகிரிக்கும் குறைவு. அதையே திரும்பத் திரும்ப அளந்து, இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று ஒரு மாறாத விகிதத்தைப் பிடித்தார். ஜெர்மனியில் மயர் 1842லும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847லும் வேறு வழிகளில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே, 1775ல், பாரீஸ் அறிவியல் கழகம் சும்மா ஓடும் இயந்திரங்களை இனி பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பார்கள். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம், 1970ஆம் ஆண்டுடையது, மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. ஆகவே "பேட்டன்ட் வாங்கியாகிவிட்டது" என்று அவர் ஒரு தாளைக் காட்டினால், அது விண்ணப்பம் கொடுத்த ரசீதா, காப்புரிமையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1996ல் மூலிகையை வைத்துப் பெட்ரோல் செய்வதாக ராமர் பிள்ளை சொன்ன மூலிகைப் பெட்ரோல் விஷயத்தில் நம் மாநிலமே வாய் பிளந்து நின்றது ஞாபகம் இருக்கும். இருபது வருடம் கழித்து, 2016ல், சென்னை நீதிமன்றம் அதற்குத் தண்டனை விதித்தது.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைக் கணக்கு மொழியில் சொல்லாமல் விட முடியாது. ஆற்றலின் பேரேட்டில் வரவு இல்லாமல் பற்று எழுத முடியாது. ஐந்தொகை எப்போதும் நேராகும். இது முதல் விதி. கொஞ்சம் கசப்பானது இரண்டாவது விதி. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ஒரு பகுதி வாராக்கடனாகிவிடும். தொலைந்துபோகாது, ஏட்டில் இருக்கும், வசூலிக்கத்தான் முடியாது. பெல்ட்டில் சூடாக, பேரிங்கில் சூடாக, சுற்றுக்காற்றில் சூடாகப் போய்விடும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மோட்டாரிலும் பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் போக, நல்ல சாமானாகவே இருந்தாலும் மறுமுனையில் 550 வாட்டைத் தாண்டாது. அதைக்கொண்டு 746 வாட் மோட்டாரை ஓட்டிவிட்டு மிச்சத்தை விற்கப்போகிறார் அவர்.

இந்த இரண்டாவது விதியை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். எதிர்கால மின்சாரம் பற்றிய பேச்சில் எல்லோரும் தாண்டிப்போகும் இடம் அதுதான், உங்கள் ஆலையோ அதை அழகாகக் காட்டும்.

ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி வரும். ஒரு கிலோ உமியை எரித்தால் ஏறக்குறைய மூன்றரை யூனிட் வெப்பம். ஆக, டன் நெல்லுக்கு 700 யூனிட். இவ்வளவு இருக்கும்போது மின்வாரியத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று தோன்றும். பிரான்ஸில் சாடி கார்னோ என்ற இளம் பொறியாளர் 1824லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். பாவம், 36 வயதில் காலராவில் போய்விட்டார். வெப்பத்தை எந்திர வேலையாக மாற்றும்போது கிடைக்கும் பங்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அது சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. எந்திரம் எவ்வளவு உயர்தரமானாலும் அந்த வரம்பைத் தாண்டாது. உங்கள் பாய்லரில் நீராவி 180 டிகிரி, வெளியே புதுவயல் 35 டிகிரி என்றால் வரம்பு 32 சதவீதம். அது காகிதக் கணக்கு. சிறிய அளவில் நடைமுறையில் பதினைந்து சதவீதம் தேறினால் நல்ல ஏற்பாடு என்பேன். 700 யூனிட் நூறு யூனிட்டாகிவிடும்.

ஆனால் அதே உமியை நெல் அவிக்கப் பயன்படுத்தும்போது இந்த வரம்பு குறுக்கே வருவதில்லை. வேண்டியது வெப்பம், இருப்பதும் வெப்பம். பாய்லர் ஒழுங்காக இருந்தால் பாதிக்கு மேல் வேலைக்கு வந்துவிடும். மின்சாரத்தை வாங்கி ஹீட்டர் போட்டு நெல் அவிப்பவரைப் பார்த்தால் சிரிப்போம், இல்லையா? காரணம் விலை மட்டும் இல்லை. எதையும் செய்யக்கூடிய உயர்ந்த சரக்கை எடுத்து, வெறும் சூட்டுக்கு வீணடிக்கிறார்.

களத்துக்கு வாருங்கள். அவித்த நெல்லில் ஈரம் 35 சதவீதம் இருக்கும். 14க்கு இறக்குகிறீர்கள். டன்னுக்குச் சுமார் 240 கிலோ தண்ணீர் ஆவியாகிறது. அந்தத் தண்ணீரை ஆவியாக்க 160 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவை. தார்ப்பாயும், நெல் கிளறிவிடும் பெண்களின் காலும் தவிர வேறு கருவி எதுவும் இல்லாமல் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு சூரிய ஆற்றலை உங்கள் அப்பச்சி காலத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரசீது வராததால் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நாட்டின் எரிசக்திப் புள்ளிவிவரங்களிலும் இந்த வகை வெயில் வராது.

உலகத்தில் ஆற்றலுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. நாம் காசு கொடுப்பதெல்லாம் வேண்டிய நேரத்தில், வேண்டிய தரத்தில் அது கைக்கு வருவதற்காகத்தான். எந்தப் புதுத் தொழில்நுட்பத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். உங்கள் மகளின் ஃபியூஷனையும் அப்படியே பார்ப்போம்.

சாதாரண ஹைட்ரஜனைவிடக் கனமான இரண்டு வகைகள், டியூட்டீரியமும் டிரிட்டியமும், ஒன்றோடொன்று சேர்ந்து ஹீலியமாகும்போது வெளிவரும் ஆற்றல் அசாத்தியமானது. ஒரு கிலோ உமியில் மூன்றரை யூனிட் என்றேன். இந்த எரிபொருள் ஒரு கிலோவில் ஒன்பது கோடி யூனிட்டுக்கு மேல் வெப்பம். கூடங்குளத்தில் பிளக்கிறார்களே, அந்த யுரேனியம்-235ல் கிலோவுக்கு இரண்டே கால் கோடி. கனவு காண்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதுவரை கையில் வந்தது எவ்வளவு? அமெரிக்காவில் லிவர்மோர் ஆய்வகத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர்களை, மிளகளவு குளிகை ஒன்றை வைத்த சிறு உலோக உருளைக்குள் பாய்ச்சினார்கள். உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. போட்டதைவிட அதிகமாக வந்தது என்று உலகமே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசர்களைத் தயார்செய்ய மின்தொடரிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், எண்பத்து மூன்று யூனிட். அதற்குப் பிறகு வந்த சோதனைகளில் விளைச்சல் கூடியிருக்கிறது, இருந்தாலும் இந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை. இங்கிலாந்தில் கல்ஹாமில் இருந்த ஜெட் என்ற உலை, சூடான எரிபொருளைக் காந்தத்தால் பிடித்துவைக்கும் கூண்டு, 2023ல் ஐந்து விநாடி ஓடி 69 மெகாஜூல் தந்தது. பத்தொன்பது யூனிட் வெப்பம், மின்சாரம் இல்லை. அந்த ஆண்டோடு அதன் ஆயுள் முடிந்தது.

பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் (ITER) என்ற ஃபியூஷன் உலைதான் இப்போது பெரிய நம்பிக்கை. இந்தியாவும் அதில் பங்காளி. மொத்த இயந்திரத்தையும் மூடி நிற்கும் 3,850 டன் கிரையோஸ்டாட் பாத்திரத்தின் பாகங்கள் குஜராத்தில் ஹசீராவில் செய்யப்பட்டுக் கப்பலில் போனவை. 50 மெகாவாட் சூடு கொடுத்து 500 மெகாவாட் எடுப்பது இலக்கு. டியூட்டீரியம், டிரிட்டியம் இரண்டையும் வைத்து அதை ஓட்டுவது 2039 என்று 2024ல் திருத்திய அட்டவணை சொல்கிறது. அது வெற்றி பெற்றாலும் ஒரு யூனிட் மின்சாரம் தராது, சோதனைக்கூடம்தான் அது. மின்சாரம் தருவது அதற்கடுத்த தலைமுறை.

காலதாமதத்தைவிட எனக்கு இடிக்கிற விஷயம் டிரிட்டியம். அதன் அரையாயுள் 12.3 ஆண்டு, ஆகவே இயற்கையில் கையிருப்பு என்று ஒன்று கிடையாது. உலையைச் சுற்றி லித்தியம் வைத்து, வெளியேறும் நியூட்ரானால் அதை அடித்து, உலையே தன் டிரிட்டியத்தைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். முழு அளவில் இதை இன்னும் யாரும் செய்து காட்டவில்லை. வெளிவரும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை அந்த நியூட்ரான்தான் சுமந்துகொண்டு ஓடுகிறது. மின்னூட்டம் இல்லாததால் காந்தம் அதைப் பிடிக்காது, சுவரில் போய் மோதும். எஃகின் அணுக்களையே இடம் மாற்றிவிடும். அந்த அடியை வருடக்கணக்கில் தாங்கும் உலோகம் வேண்டும். இதையெல்லாம் தாண்டி வந்த பிறகு, அந்தச் சூட்டை வைத்து என்ன செய்வார்கள்? தண்ணீரைக் கொதிக்கவைத்து டர்பைனைச் சுற்றுவார்கள். 10 கோடி டிகிரியைத் தாண்டிப்போய், கடைசியில் உங்கள் கொல்லையில் இருக்கிற பாய்லருக்குத்தான் வந்து சேர வேண்டும். கார்னோவின் வரம்பும் அங்கே காத்திருக்கும்.

அதனால் ஃபியூஷன் "சும்மா" கிடைக்காது. எரிபொருள் மலிவாக இருக்கலாம், உலை விலை உயர்ந்ததாக இருக்கும். கூடங்குளத்தில் யுரேனியத்துக்கு ஆகும் செலவைவிட கட்டடத்துக்கும் கடன் வட்டிக்கும் ஆவதுதான் அதிகம். வட்டி விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா! உங்கள் மகள் அந்தத் துறையில் வேலை செய்ய நினைத்தால் தாராளமாகப் போகட்டும், குஜராத்தில் காந்திநகரில் இருக்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989லிருந்தே ஆதித்யா என்ற டோகமாக், அதாவது ஜெட்டைப் போன்ற காந்தக் கூண்டு, ஓடியிருக்கிறது. ஆராய்ச்சியாக அது அருமையான இடம். ஆலையின் மின் கட்டணத்தை அதற்காக நிறுத்திவைக்க முடியாது.

கல்பாக்கத்து வேக ஈனுலை, மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம் பற்றியெல்லாம் தனியாக எழுத வேண்டும். இங்கே அதற்கு இடம் இல்லை.

சோலாருக்கு வருவோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது 1000 வாட். இன்று கடையில் கிடைக்கும் சிலிக்கான் பேனல் அதில் 200 முதல் 230 வரை மின்சாரமாக்கும். சிலிக்கானை மட்டும் வைத்து எவ்வளவு முயன்றாலும் 30 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்க முடியும் என்று 1961ல் ஷாக்லியும் குவெய்சரும் கணக்குப் போட்டுவிட்டார்கள். சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு படலத்தை ஏற்றி ஆய்வகத்தில் 34ஐத் தாண்டியிருக்கிறார்கள். அந்தப் படலத்துக்கு ஈரமும் சூடும் ஆகாது. நம் ஊரில் இரண்டும் தாராளம், ஆகவே பொறுத்துப் பார்ப்போம்.

கொளுத்தும் வெயில்தான் சோலாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் நல்லது, சூடு கெடுதல். பேனலின் அட்டையில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரியில் அளந்தது. சித்திரை மத்தியானம் தகரக் கூரையின் மேல் பேனல் 65 டிகிரிக்குப் போகும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் என்ற கணக்கில் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு அடியாவது காற்றோட்டம் விடச் சொல்லுங்கள். ஆலைக்காரர்களுக்கென்று தனி எதிரி ஒன்று உண்டு. தவிட்டுத் தூசியும் உமிச் சாம்பலும். பாய்லர் புகைபோக்கி எந்தப் பக்கம் இருக்கிறது, ஆடிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனல் வையுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள தவிடு படிந்துவிட்டால் ஒரு தூறலில் போகாது, சாந்து பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். (ஆலைகளுக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. பேனலுக்கு மூலப்பொருளும் சிலிக்காதான். உமியிலிருந்து சிலிக்கான் எடுத்துக் காட்டியும் இருக்கிறார்கள். குவார்ட்ஸ் மலிவாகக் கிடைக்கும்வரை யாரும் அதைத் தொழிலாகச் செய்யப் போவதில்லை.)

பேனலின் விலை இறங்கியாகிவிட்டது. பக்கத்தில் கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சோலார் நிலையம் அமைத்துவிட்டார்கள். இனி எல்லாம் இரவில்தான் இருக்கிறது. மத்தியானம் மிஞ்சுவதை ராத்திரி ஏழு மணிக்கு எப்படிக் கொண்டுபோவது?

மேலே தண்ணீர் ஏற்றி வைத்து இரவில் இறக்கலாம். கோவை மாவட்டத்தில் கடம்பாறையில் 1987ல் ஓடத் தொடங்கிய 400 மெகாவாட் நிலையம் அப்படிப்பட்டதுதான். ஆனால் அதற்கு மலை வேண்டும். உங்கள் வீட்டில் 10,000 லிட்டர் தொட்டியை 10 மீட்டர் உயரத்தில் கட்டினாலும் அதில் இருப்பது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். செட்டிநாட்டுச் செம்பாறை மண்ணில் கண்மாய் வெட்டலாம், மலை வெட்ட முடியாது. ஹைட்ரஜனாக்கி வைக்கலாம் என்பார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் ஆகும், அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் பதினாறு, பதினேழு தேறும். உரம் செய்யவும் எஃகு செய்யவும் அது வேண்டும். மில் விளக்கு எரிக்க அதைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிச்சம் பேட்டரி. இந்த விஷயத்தில் உங்களுக்கு வெளியூர் போக வேண்டியதே இல்லை. காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இந்த வேலைக்கென்றே வந்தது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறந்தார்கள். துணிமில்லும் சிமெண்டுமே பெரிய தொழிலாக இருந்த காலத்தில் மின்வேதியியலுக்கு அவ்வளவு பணம் கொடுத்தவரின் கணக்கை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

உங்கள் பேட்டரித் தண்ணீர் போகும் இடமும் மின்வேதியியல்தான். ஈயம்-அமில பேட்டரி நிரம்பிய பிறகும் சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியே விடும். கோடையில் சூடு கூடும்போது இது இன்னும் குறைந்த மின்னழுத்தத்திலேயே தொடங்கிவிடும். அதனால்தான் கசிவில்லாமல் குறைகிறது. காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. மூடிய அலமாரிக்குள் சேர்வது ஹைட்ரஜன். பக்கத்தில் சாமி அறை, அங்கே காலையும் மாலையும் விளக்கு. இன்றைக்கே பேட்டரியை முகப்புப் பக்கமோ இரண்டாம் கட்டிலோ காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆச்சி விளக்கை நகர்த்தச் சம்மதிக்க மாட்டார்கள், பேட்டரிதான் நகர வேண்டும்.

லித்தியம் பேட்டரியின் விலை 2010க்கும் 2024க்கும் நடுவில் பத்தில் ஒரு பங்கானது. அடுத்து வருவது சோடியம். லித்தியமும் கோபால்ட்டும் வேண்டாம், செப்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியமே போதும். கனம் கூடுதல், அதே எடையில் கொஞ்சம் குறைவாகத்தான் சேமிக்கும். காருக்கு அது குறை. ஆலையின் மூலையில் சிமெண்டுத் தரையில் உட்காரப்போகும் பெட்டிக்குக் கனம் ஒரு குறையா? அடுத்த பத்து வருடத்தில் நம் பக்கம் எது மாறும் என்று என்னிடம் பந்தயம் கட்டச் சொன்னால், ஃபியூஷனில் காசு வைக்க மாட்டேன், இந்தப் பெட்டியில் வைப்பேன்.

உங்கள் ஆலைக்கு இப்போதைக்குப் பேட்டரி வேண்டாம். நீங்கள் பகலில் ஓட்டுகிறவர். 40 குதிரைத்திறன் என்பது 30 கிலோவாட். முழுவதற்கும் பேனல் போட வேண்டியதில்லை, 20 கிலோவாட் போட்டால் நம் பக்கத்து வெயிலுக்குச் சராசரி நாளைக்கு 80 யூனிட் வரும். உமி நீக்கும் ஹல்லரையும் அரிசி தீட்டும் பாலிஷரையும் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டும்படி வேலையை மாற்றிக்கொண்டால் அதில் பெரும்பகுதியை நீங்களே தின்றுவிடலாம். ஊறலும் அவியலும் விடிகாலைக்குப் போகட்டும், அவை உமிக் கணக்கு. அறுவடை முடிந்து ஆலை சும்மா கிடக்கும் மாதங்களில் மின்வாரியத்துக்குப் போகும் யூனிட்டுக்கு என்ன விலை தருவார்கள் என்பதை முதலிலேயே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், திட்டத்தின் லாப நஷ்டம் அதில்தான் இருக்கிறது. கிராமத்துப் பெரிய வீட்டு மட்டப்பாவில் போடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். வெயில் அங்கேயும் நன்றாகவே அடிக்கிறது, ஆனால் எத்தனை புள்ளிகளின் (பங்குள்ள குடும்பங்களின்) கையெழுத்து வாங்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரர் வந்தால், இன்வெர்ட்டர் பின்னால் பேட்டரி சேர்த்துக்கொள்ளக்கூடிய வகையா என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பீரோ அளவுக்கு இடம் காலியாக விட்டு வையுங்கள். போன ஒரு வருடத்து மின் கட்டண அட்டையையும் ஆலை ஓடும் நேரத்தையும் அனுப்பினால், இந்த 20 கிலோவாட் சரியா, பதினைந்து போதுமா என்று இருவரும் உட்கார்ந்து பார்க்கலாம். மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவார்.

அன்புடன்.